ஸ்பெஷல் என்று தகடு அடிக்குமுன்: மசில் கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெட்ராய்ட், டியர்போர்ன், ஆபர்ன் ஹில்ஸ் அலுவலகங்களில் உட்கார்ந்து அடுத்த ஸ்பெஷல் எடிஷன் எது என்று முடிவுசெய்யும் திட்டக் குழுவினருக்கு,

2023 மாடல் டாட்ஜ் சேலஞ்சரோ சார்ஜரோ, எதன் பானெட்டைத் திறந்தாலும் உள்ளே, இதுதான் கடைசி வரிசை என்று சொல்லும் ‘லாஸ்ட் கால்’ தகடு இருக்கிறது. 1,025 ஹெச்.பி. டீமன் 170-ல் இருக்கும் அதே தகடுதான் அடிப்படை மாடலான ஆறு சிலிண்டர் எஸ்.எக்ஸ்.டி.யிலும். ஓராண்டில் வந்த எல்லா வண்டிக்கும் ஒரே தகடு என்றால் அது எந்த வண்டியையும் இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. ஆனால் கைமாறும் சந்தையில் ‘லாஸ்ட் கால் எடிஷன்’ என்று எழுதி விலை கூட்ட அது போதும். வாங்குமுன் வண்டியைச் சோதித்துச் சொல்வதும், பழைய வண்டியைப் பிரித்துக் கட்டுவதும் எங்கள் வேலை. ‘இது ஸ்பெஷலா?’ என்ற கேள்விக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல முடியாதபடி நீங்கள் ஆக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

மசில் கார், அதாவது சக்திமிக்க பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்கச் சாலை வண்டி, உலகத்தில் ‘ஸ்பெஷல்’ என்ற சொல்லுக்கு மதிப்பு வந்ததே பந்தய விதிகளால்தான். பந்தயத்தில் ஒரு பாகத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அதே பாகத்தோடு குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். அந்தக் கட்டாயத்தில் பிறந்தவைதான் இன்று நீங்கள் பெயரைக் கடன் வாங்கும் வண்டிகள்.

1965 ஷெல்பி ஜி.டி.350-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு மஸ்டாங்கை ஷெல்பி பட்டறை மாற்றிக் கட்டிய வண்டி அது. மஸ்டாங்கின் 289 கன அங்குல கே-கோட் இன்ஜின் 271 ஹெச்.பி. தந்தது. அதற்கு 715 சி.எஃப்.எம். ஹோலி கார்புரேட்டர், அலுமினிய இன்டேக், ட்ரை-ஒய் ஹெட்டர் போட்டு 306 ஆக்கினார்கள். அத்தோடு நிற்கவில்லை. முன் சஸ்பென்ஷனின் மேல்கை பிணையும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கித் துளைத்தார்கள். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் தன் விளிம்பில் நிற்காமல் முழு அகலமும் தரையில் படிவதற்காகச் செய்த வேலை அது. பின்னால் ட்ராக்‌ஷன் பார், இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டெட்ராய்ட் லாக்கர் டிஃபரன்ஷியல். நான்கு மூலையிலும் கோனி ஷாக். பின் சீட்டை எடுத்துவிட்டு ஃபைபர்கிளாஸ் தட்டு வைத்து, அதன்மேல் ஸ்டெப்னியைக் கட்டினார்கள். இரண்டு சீட் இருந்தால்தான் அமெரிக்கப் பந்தய அமைப்பான எஸ்.சி.சி.ஏ. விதிப்படி அது ஸ்போர்ட்ஸ் கார். அந்த ஆண்டு மொத்தம் 562 வண்டிகள்.

மறு ஆண்டே தளர்ச்சி வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1966 மாடலில் முதல் 252 வண்டிகள் முந்தைய ஆண்டின் மிச்சம். அவை போனதும் மேல்கையை இறக்கும் வேலை நின்றது. பின் சீட் திரும்பி வந்தது, லாக்கர் கேட்டால் மட்டும் தருவது என்றானது. பெயர் மாறவில்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இன்றும் ‘ஜி.டி.350’ என்று கேட்டவுடன் ‘எந்த வருஷம்?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். முன்சக்கரத்துக்கு மேலே, இன்ஜின் அறைப் பக்கத்திலிருந்து மேல்கையின் போல்ட் இருக்கும் இடத்தைப் பார்த்தே அவர்கள் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

செவ்ரலே கமாரோ இஸட்/28-ன் கதையும் இப்படித்தான். ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இன்ஜின் அளவு 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. செவ்ரலேயிடம் அந்த அளவுக்குக் கீழே 283, மேலே 327. 327-ன் நான்கு அங்குல போருக்குள் (சிலிண்டர் விட்டம்) 283-ன் மூன்று அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கிராங்க் ஷாஃப்டை வைத்தார்கள், 302 கிடைத்தது. 1967-ல் 602 வண்டிகள்தான். 1969-ல் 20,302. கவனியுங்கள், இருபதாயிரத்துக்கு மேல்! ஆனாலும் 1969 இஸட்/28-ஐ எந்த ஆர்வலரும் ‘சாதாரணம்’ என்று ஒதுக்கியதில்லை. 300 வண்டி மட்டும் என்று நீங்கள் அச்சடிக்கும் தகட்டுக்கு அந்த மரியாதை கிடைக்காதது ஏன் என்று உங்கள் கூட்டங்களில் யாராவது கேட்டிருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் யாரும் மரியாதை தருவதில்லை.

பாஸ் 429-ல் ஃபோர்டு பட்ட பாடு இன்னும் பெரியது. நாஸ்கார் பந்தயத்துக்காகச் செய்த அந்த இன்ஜின் மஸ்டாங்குக்குள் நுழையவே இல்லை. மிச்சிகனின் பிரைட்டனில் கார் கிராஃப்ட் பட்டறைக்கு வண்டிகளை அனுப்பி, முன் ஷாக்குகளைத் தாங்கும் ஷாக் டவர்களை மாற்றி இடம் உண்டாக்கினார்கள். பேட்டரி டிக்கிக்குப் போனது. ஏ.சி. கிடையாது. 1969-ல் 859, 1970-ல் 499 வண்டிகள்.

பிளிமத் சூப்பர்பேர்டின் வினைல் கூரையைப் பலர் அழகுக்கென்று நினைக்கிறார்கள். காற்று வழுக்கிப் போவதற்காகப் பின் கண்ணாடியைச் சுற்றி வேறு தகடு வெட்டி வெல்டிங் செய்திருந்தார்கள். அந்தத் தழும்பை ஈயம் பூசி இழைத்துச் சீராக்க நேரமில்லை, அதனால் வினைலால் மூடினார்கள். ஐம்பது வருஷம் கழித்து நாங்கள் அதைப் பிரித்தால் அடியில் தண்ணீர் தங்கித் தகடு அரித்திருக்கிறது. முதலில் கை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டியது பின் கண்ணாடியின் கீழ் மூலைகளைத்தான். அந்த அவசர வெல்டிங்தான் அது பந்தயத்துக்காகப் பிறந்தது என்பதற்குச் சாட்சி. சூப்பர்பேர்டின் மூக்கும் இறக்கையும் டாட்ஜ் டேடோனாவுக்குப் பொருந்தாது என்பதும் இங்கே தெரிந்திருக்க வேண்டியது. மாற்றி மாட்டி விற்க முயன்றவர்கள் உண்டு.

இந்த வண்டிகள் வந்த காலத்தில் சந்தை இவற்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. 1969 கமாரோவில் முழு அலுமினிய 427 இன்ஜின் போட்ட இஸட்.எல்.1 மொத்தம் 69 வண்டிகள். அடிப்படை வி8 கமாரோ 2,727 டாலர். அந்த இன்ஜினுக்கு மட்டும் கூடுதலாக 4,160 டாலர். இல்லினாய் மாநிலத்து லா ஹார்ப் ஊர் டீலர் ஃப்ரெட் கிப் 50 வண்டிக்கு ஆர்டர் கொடுத்தார். விலையைக் கேட்டு வாங்குபவர்கள் பின்வாங்க, பெரும்பாலானவற்றைக் கம்பெனியே திரும்ப எடுத்து வேறு டீலர்களுக்கு அனுப்ப வேண்டி வந்தது. முதல் நாளிலேயே சேகரிப்பாளர் வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காக அந்த வண்டியை யாரும் கட்டவில்லை.

பிறகு என்ன நடந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். 1976 மஸ்டாங் II கோப்ரா II-ல் ஷெல்பியின் கோடுகள், பாம்புப் படம், ஸ்பாய்லர் எல்லாம் இருந்தன. அதை நான்கு சிலிண்டர் இன்ஜினோடும் வாங்க முடிந்தது. ‘ஸ்டிக்கர் கார்’ என்று ஆர்வலர்கள் இன்று எதைச் சொல்கிறார்களோ, அது அங்கே வேர் பிடித்தது.

ஆனால் ஸ்டிக்கர் எல்லாமே பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1977 போன்டியாக் ட்ரான்ஸ் ஆமின் பானெட் ஸ்கூப்பில் இரண்டு விதமான எழுத்து உண்டு. ‘டி/ஏ 6.6’ என்றிருந்தால் 200 ஹெச்.பி. டபிள்யூ72 இன்ஜின். ‘6.6 லிட்டர்’ என்றிருந்தால் 180 ஹெச்.பி. சாதாரண 400, அல்லது 185 ஹெச்.பி. ஓல்ட்ஸ்மொபைல் 403. லிட்டரில் சொன்னால் 400-ம் 403-ம் ஒன்றுதான். அளவு ஒன்று என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிடாமல் போன்டியாக் பிரித்துக் காட்டியது. ஒரு ஸ்டிக்கர் செய்ய வேண்டிய வேலை இதுதான். இன்று அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம் என்பதால் நாங்கள் பானெட்டைத் திறக்கிறோம். எண்ணெய் ஊற்றும் குழாய் இன்ஜினின் முன்பக்கத்தில் நின்றால் ஓல்ட்ஸ்மொபைல். வால்வ் கவரில் மூடி இருந்தால் போன்டியாக். சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து ‘கே’ என்றால் 403, ‘இஸட்’ என்றால் 400. அதற்கு மேல் டபிள்யூ72-ஆ என்று தெரிய ஆவணம் வேண்டும். 1979-ல் வந்த பத்தாம் ஆண்டு நினைவு ட்ரான்ஸ் ஆம் 7,500 வண்டிகளில் 1,817 மட்டுமே 400 இன்ஜினும் நான்கு கியர் மேனுவலும் கொண்டவை. வெளியே ஒரே வெள்ளி நிறம், உள்ளே ஒரே சீட். ஆர்வலர்கள் அந்த 1,817-ஐ மட்டும் ஏன் தனியே தேடுகிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

உங்களால் இன்றும் முடியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2012 பாஸ் 302-ல் சாதாரண மஸ்டாங் ஜி.டி.யின் 412 ஹெச்.பி.யை 444 ஆக்க இன்டேக், ஹெட், கனெக்டிங் ராடு எல்லாம் மாற்றினீர்கள். ஷாக்கின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்பினால் ஐந்து நிலை. பின்சக்கரத்துக்கு முன்னால் திறக்கும் பக்கவாட்டுச் சைலன்சர் குழாயில் இருந்த அடைப்புத் தட்டைக் கழற்றிக்கொள்ள வழி வைத்தீர்கள். 2014 இஸட்/28-ல் எடை குறைக்கப் பின் கண்ணாடியை 3.5 மில்லிமீட்டரிலிருந்து 3.2 ஆக்கினீர்கள். ஏ.சி.யை விருப்பத் தேர்வாக்கி, ஒரே ஒரு ஸ்பீக்கர் விட்டீர்கள். அதுவும் சீட் பெல்ட் மணிக்காக. 2018 டீமனில் ஏ.சி. வாயுவை இன்டர்கூலர் நீரைக் குளிர்விக்கத் திருப்பினீர்கள். 100 ஆக்டேன் பெட்ரோலில் 840, 91-ல் 808 என்று இரண்டு எண்ணையும் வெளிப்படையாகச் சொன்னீர்கள். 3,300 வண்டி என்றீர்கள். குறித்த விலைக்கோ அதற்குக் கீழோ விற்கும் டீலரின் ஆர்டருக்கு முன்னுரிமை என்றும் அறிவித்தீர்கள். இவற்றைப் பார்த்து ‘ஸ்பெஷலா?’ என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. லிப்டில் ஏற்றினால் வண்டியே பதில் சொல்லிவிடுகிறது.

அதே கைகள் 2023-ல் செய்ததைப் பாருங்கள். லாஸ்ட் கால் வரிசையில் ஏழு எடிஷன்கள். டீமன் 170 உண்மையிலேயே வேறு இன்ஜின், வேறு பின்பாகம். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிளாக் கோஸ்ட், கிங் டேடோனா இரண்டும் 300 வண்டிகள், 807 ஹெச்.பி. முந்தைய ஆண்டின் ரெட்ஐ ஜெயில்பிரேக்கிலும் அதே 807 ஹெச்.பி.தான். பிளாக் கோஸ்டின் மூலவண்டி, டெட்ராய்ட் போலீஸ்காரர் காட்ஃப்ரே குவால்ஸ் புதிதாக வாங்கி இரவுகளில் உட்வர்டு அவென்யூவில் ஓட்டிய 1970 மாடல் ஹெமி சேலஞ்சர். அது 2023-ல் 10 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த மனிதரின் வண்டிக்கு மரியாதை செய்ய நினைத்தது நல்ல எண்ணம், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதலைத்தோல் மாதிரிக் கூரைப்படம் ஒன்றை மரியாதை என்று நிறுத்திவிட்டீர்கள். அவருடைய வண்டியில் 426 ஹெமியும் நான்கு கியர் மேனுவலும் இருந்தன. உங்கள் 300-ல் ஒன்றில்கூட மேனுவல் கியர் இல்லை.

பெயர்களை நீங்கள் செலவழிக்கும் வேகம் எங்களுக்கு இன்னும் வலிக்கிறது. ‘டேடோனா’ என்பது 1969-ல் 503 வண்டிகள், கூர்மூக்கு, பின்னால் கிட்டத்தட்ட இரண்டடி உயர இறக்கை. பிறகு 2006 சார்ஜர் டேடோனா ஆர்/டி, 2017-ல் ஒரு டேடோனா, 2020-ல் 501 வண்டி டேடோனா, 2023-ல் கிங் டேடோனா, கடைசியில் மின்சார சார்ஜர் மொத்தத்துக்கும் அதே பெயர். ‘சிக்ஸ் பேக்’ என்றால் 440 இன்ஜின்மேல் மூன்று இரட்டைவாய் ஹோலி கார்புரேட்டர், ஆக ஆறு வாய். இப்போது இரட்டை டர்போ ஆறு சிலிண்டருக்கு அந்தப் பெயர். புது இன்ஜின் நன்றாக இருக்கலாம். அதற்குத் தகுந்த சொந்தப் பெயரை அதற்கே கொடுத்திருக்கலாம்.

இனி ஆவணம். எங்கள் வேலையில் பாதி நேரம் இதிலேயே போகிறது.

1970, 1971 கிரைஸ்லர் வண்டியில் சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து ‘ஆர்’ என்றால் பிறப்பிலேயே 426 ஹெமி. ஃபோர்டில் அதே இடத்தில் ‘ஜி’ என்றால் பாஸ் 302, ‘இஸட்’ என்றால் பாஸ் 429. ஆலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் பிறப்பு விவரமாக, ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி அறிக்கையும், போன்டியாக்குக்கு பி.எச்.எஸ். ஆவணமும் கிடைக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சர்ச்சையை ஒரு தாளில் தீர்த்துவிடலாம். 1969 கமாரோவுக்கு வாருங்கள். சேசிஸ் எண் 124379 என்று தொடங்கினால் கமாரோ, வி8, கூப்பே, 1969 என்பது மட்டும் தெரியும். இஸட்/28-ஆ, 307 போட்ட குடும்ப வண்டியா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. நார்வுட் ஆலை வண்டியாக இருந்து, 1968 டிசம்பருக்குப் பிறகு செய்ததாகவும் இருந்தால் பாடித் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 உதவும். லாஸ் ஏஞ்சலஸ் ஆலை வண்டி என்றால் அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது இன்ஜின் முத்திரை. வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால் உள்ள தட்டையான இடத்தில் ‘டி.இஸட்.’ என்று முடிய வேண்டும். பக்கத்தில் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்கள் வேண்டும். பிளாக் வார்த்த தேதி, இன்ஜின் கட்டிய தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும்; அது வண்டி கட்டிய வாரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். இந்த வரிசை ஓர் இடத்தில் தவறினாலும் பிளாக் வேறு வண்டியுடையது. முத்திரைப் பரப்பில் ஆலையின் ப்ரோச்சிங் (பரப்பைச் செதுக்கிச் சமன்செய்யும் வேலை) விட்ட இணைகோடுகள் மெல்லியதாகத் தெரிய வேண்டும். பரப்பு வழவழவென்றோ வட்டக்கோடுகளோடோ இருந்தால் யாரோ பழைய எண்ணை இழைத்துவிட்டுப் புது எண் அடித்திருக்கிறார்கள். அடியில் போய்ப் பின் ஆக்ஸில் மூடியின் போல்ட்டை எண்ண வேண்டும். இஸட்/28-க்கு 12. பத்து இருந்து, கீழே ஒற்றை இலை ஸ்பிரிங்கும் இருந்தால் அது கோடு போட்ட சாதாரண வண்டி. ஆனால் 12 போல்ட் ஆக்ஸிலும் பல இலை ஸ்பிரிங்கும் மாட்டுவது ஒரு வார இறுதி வேலை. வாரன்டி புத்தகத்தில் வரும் ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் தகட்டையும் போலியாக அடிக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் நாங்கள் தருவது கருத்துதான். உறுதி தரக்கூடிய ஒரே இடம் வண்டியைக் கட்டியவர்களின் பதிவேடு.

இன்று நீங்கள் டேஷ்போர்டில் பசை வைத்து ஒட்டும் எண் தகடு இதைவிட மோசமான சாட்சி. ஹேர் டிரையரில் சூடாக்கி, மீன்பிடி நரம்பு விட்டு அறுத்தால் ஐந்து நிமிடத்தில் கையில் வந்துவிடும். ‘300-ல் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஒன்று என்றுகூடத் தெரியாது.

பாகங்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்பெஷல் எடிஷன் வண்டி மோதினால் முதலில் உடைவது அதற்கே உரிய முன் ஸ்ப்ளிட்டரும் பம்பரும். மஸ்டாங் ஜி.டி.350ஆர்-ன் கார்பன் ஃபைபர் சக்கரம் பிளாட்பாரக் கல்லில் இடித்து விரிசல் விட்டால் அலாய் சக்கரம் போலத் தட்டி நேராக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பாஸ் 302-க்குத் தந்த சிவப்பு ட்ராக்கீ சாவி, இன்ஜினின் பந்தய மென்பொருளை இயக்கும் சாவி. அது தொலைந்தால் வண்டியின் ஒரு பாதி தொலைந்த மாதிரி. வெயிலில் வெளுத்த கோடு ஸ்டிக்கரை ஒரு கதவுக்கு மட்டும் மாற்றினால் நிறம் ஒட்டாது, முழு வண்டிக்கும் மாற்ற வேண்டும். அதற்குள் அந்த ஸ்டிக்கரின் பாக எண் நிறுத்தப்பட்டிருக்கும். சிறப்பு என்று கூடுதல் விலை வாங்கிய பாகத்தைக் கிடைக்கச் செய்வதும் விற்றவரின் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், பிரேக், சஸ்பென்ஷன் இவற்றில் குறைந்தது ஒன்றிலாவது அதே ஆண்டின் மற்ற வண்டியில் கிடைக்காத பாகம் இல்லாவிட்டால் அதை ஸ்பெஷல் எடிஷன் என்று அழைக்காதீர்கள். ‘தோற்றப் பேக்கேஜ்’ என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்ல மாட்டோம். கறுப்பும் தங்கமும் பிடித்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

அறிவிக்கும் நாளிலேயே மாறிய பாகங்களின் பட்டியலைப் பாக எண்களோடு வெளியிடுங்கள். மொத்த எண்ணிக்கையை இன்ஜின், கியர்பாக்ஸ், நிறம், விற்கும் நாடு என்று பிரித்து, உற்பத்தி முடிந்த 90 நாளுக்குள் வெளியிடுங்கள். அறிவித்த எண்ணிக்கையை எக்காரணத்துக்கும் கூட்டாதீர்கள்.

எடிஷனைச் சேசிஸ் எண்ணிலேயே ஓர் எழுத்தாகக் குறியுங்கள். அது முடியாவிட்டால், சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பிறப்பு விவரம் முழுக்கக் கிடைக்கும் இலவசப் பதிவேட்டைத் திறந்து, வண்டி எத்தனை கை மாறினாலும் அதைத் திறந்தே வையுங்கள். எண் தகடு கொடுப்பதாக இருந்தால் அதில் சேசிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கமும் இருக்கட்டும். ஒட்டாமல் ரிவிட் அடியுங்கள்.

எடிஷனுக்கே உரிய ஒவ்வொரு பாகத்தையும், ஸ்டிக்கர், சாவி மென்பொருள் உட்பட, கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து 15 ஆண்டுகள் கிடைக்கச் செய்யுங்கள். அதற்குப் பிறகு நிறுத்துவதானால் அச்சும் வரைபடமும் உரிமத்தோடு வெளியாருக்குப் போகட்டும்.

டேடோனா, சிக்ஸ் பேக், இஸட்/28, பாஸ், ஜி.டி.350 என்ற பெயர்களை அவற்றின் பொருளுக்கு ஒத்துவரும் வண்டி உங்களிடம் இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

கடைசியாக ஒன்று, செவ்ரலே குழுவினருக்கு மட்டும். 1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் விற்ற வண்டிகளைப் பற்றி ஆலைகளிலும் அலுவலகங்களிலும் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தாளையும், கிழிந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும், படமெடுத்துப் பொதுவில் வையுங்கள். கனடாவில் விற்ற வண்டிக்கு உங்கள் கனடா நிறுவனம் அந்த விவரத்தைத் தந்துகொண்டிருக்கிறது. எல்லைக்கு இப்பால் விற்ற வண்டிக்காரர்கள் முத்திரைக் கோடுகளை இன்னும் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மசில் கார்களைச் சோதித்தும் பிரித்துக் கட்டியும் வருவோர்